ஃபேன் வேகத்தை யார் கையில் கொடுப்பது? ஹெச்டபிள்யூமான் டிரைவரில் வேகக் கட்டுப்பாடு சேர்க்கும் வழிகள்: ஓர் ஒப்பீடு

வெப்பநிலையையும் ஃபேன் சுற்றையும் படித்துக் காட்டும் ஒரு டிரைவர் லினக்ஸ் கெர்னலின் ஹெச்டபிள்யூமான் (வன்பொருள் கண்காணிப்பு) பிரிவில் ஏற்கெனவே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதே சிப்பின் டேட்டாஷீட்டில் பிடபிள்யூஎம் (மின் துடிப்பின் அகலத்தை மாற்றி வேகத்தைக் கட்டுப்படுத்தும் முறை) வெளியீட்டுக்கான ரிஜிஸ்டர்களும் (சிப்புக்குள் இருக்கும் சிறு நினைவிடங்கள்) இருக்கின்றன. இதுவரை யாரும் அவற்றைத் தொடவில்லை. அந்த ஆதரவைச் சேர்க்க உட்காரும்போது, எந்த ரிஜிஸ்டரில் எதை எழுதுவது என்பதுதான் பெரிய வேலை என்று தோன்றும். அது எளிய பகுதி. ஃபேன் எவ்வளவு வேகத்தில் ஓட வேண்டும் என்று முடிவெடுக்கப்போவது எது, அது செத்துப்போனால் ஃபேன் என்ன ஆகும் என்பதைத்தான் முதலில் தீர்மானிக்க வேண்டும். படிக்கும் டிரைவரில் பிழை இருந்தால் திரையில் தப்பான எண் தெரியும், அவ்வளவுதான். எழுதும் டிரைவரில் பிழை இருந்தால் பலகை சூடேறும்.

முடிவெடுக்கும் இடம் நான்கில் ஒன்றாக இருக்கலாம்: யூசர்ஸ்பேஸ் நிரல் (கெர்னலுக்கு வெளியே ஓடுவது), சிப்புக்குள் இருக்கும் தானியங்கிச் சுற்று, வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் கெர்னலின் தெர்மல் பிரிவு, அல்லது பிடபிள்யூஎம்-ஃபேன் என்ற தனி டிரைவர். நான்குக்கும் பொதுவான சில மின்னியல் உண்மைகள் உண்டு. அவற்றைச் சரிபார்க்காமல் எந்த வழியில் போனாலும் பயன் இல்லை.

நிரல் கோடு எழுதுமுன்

நான்கு முள் ஃபேனில் 1 தரை, 2 பன்னிரண்டு வோல்ட், 3 டேக்கோ (சுற்றும் வேகத்தைப் பல்ஸாகச் சொல்லும் முள்), 4 கட்டுப்பாடு. கட்டுப்பாட்டுச் சிக்னல் 25 கிலோஹெர்ட்ஸில் இருக்க வேண்டும். 21 முதல் 28 வரை ஏற்கும். நான்காவது முள் எதனோடும் சேராமல் தொங்கினால் ஃபேன் முழு வேகத்தில் ஓடும். அது வேண்டுமென்றே செய்த வடிவமைப்பு. கம்பி அறுந்தாலும் குளிர்ச்சி நிற்கக் கூடாது என்ற அந்த எண்ணத்தையே டிரைவரும் தொடர வேண்டும்.

மூன்று முள் ஃபேனில் கட்டுப்பாட்டு முள் கிடையாது. 12 வோல்ட் சப்ளையையே வெட்டி வெட்டிக் கொடுக்க வேண்டும். அதற்குச் சில பத்து ஹெர்ட்ஸ் அளவில் அதிர்வெண் தேவை. முதலில் அனலாக் டிவைசஸ் வெளியிட்ட ஏடிடி7475 சிப் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் அதிர்வெண் பட்டியலில் 11 முதல் 88 ஹெர்ட்ஸ் வரை எட்டு மதிப்புகள் இருக்கின்றன. அடுத்து ஒரே தாவலாக 22,500 ஹெர்ட்ஸ். முதல் எட்டும் மூன்று முள்ளுக்கு, கடைசி ஒன்று நான்கு முள்ளுக்கு. சப்ளையை வெட்டும்போது டேக்கோவின் மின்சுற்றுக்கும் மின்சாரம் போவதில்லை என்பதால், வேகம் குறையக் குறைய சுற்று எண் தாறுமாறாகத் துள்ளும். அதைப் பார்த்துவிட்டு டேக்கோ படிக்கும் கோடில் பிழை தேட ஆரம்பித்தால் நாள் வீணாகும்.

வேகக் கட்டுப்பாடு சேர்த்ததும் டேக்கோவில் இன்னொரு சிக்கலும் வெளிப்படும். எல்எம்78 காலத்துப் பழைய சிப்கள் 22.5 கிலோஹெர்ட்ஸ் கடிகாரத்தை 8 பிட் எண்ணியில் எண்ணுகின்றன. சுற்றுக்கு இரண்டு பல்ஸ் தரும் ஃபேனுக்குச் சூத்திரம்: 13,50,000-ஐ, எண்ணிக்கை பெருக்கல் டிவைடரால் (அளக்கும் வீச்சை மாற்றும் வகு எண்) வகுக்க வேண்டும்; விடை ஆர்பிஎம், அதாவது நிமிடத்துக்கு எத்தனை சுற்று. 255 என்றால் எண்ணி நிரம்பிவிட்டது என்று பொருள். டிவைடர் 2 என்றால் அளக்கக்கூடிய மிகக் குறைந்த வேகம் சுமார் 2,657 ஆர்பிஎம். 8 என்றால் சுமார் 664. எப்போதும் முழு வேகத்தில் ஓடிய ஃபேனுக்கு டிவைடர் 2 போதுமானதாக இருந்திருக்கும். நீங்கள் அதை 1,200-க்கு இறக்கியதும் டிரைவர் 0 என்று காட்டி அலாரம் அடிக்கும், ஃபேன் நன்றாகச் சுற்றிக்கொண்டிருக்கும்போதே. ஆகவே இத்தகைய சிப்பில் பிடபிள்யூஎம் ஆதரவைச் சேர்க்குமுன், வேகத்துக்கேற்ப டிவைடரைத் தானாக மாற்றும் கோடைச் சேர்க்க வேண்டும். என்சிடி6775 டிரைவர் இதைச் செய்கிறது, பார்த்துக் கற்கலாம்.

16 பிட் எண்ணி உள்ள சிப்பில் கோளாறு வேறு மாதிரி. 90 கிலோஹெர்ட்ஸ் கடிகாரம் என்றால் 54,00,000-ஐ எண்ணிக்கையால் வகுக்கிறோம். நின்றுபோன ஃபேனுக்கு எண்ணி 65,535-இல் நிற்கும். அதைத் தனியாகக் கவனிக்காவிட்டால் 82 ஆர்பிஎம் என்று விடை வரும். "ஃபேன் நின்றால் முழு வேகம் கொடு" என்று எழுதிய எந்த நிரலும் அந்த 82-ஐப் பார்த்து ஃபேன் ஓடுகிறது என்றே நம்பும்.

கடைசியாக, துருவம். சில பலகைகளில் வெளியீடு தலைகீழாக இணைக்கப்பட்டிருக்கும். முழு வேகத்துக்கான 255-ஐ எழுதினால் ஃபேன் நிற்கும். சூடு ஏறும்போது வேகத்தைக் கூட்டப் பார்க்கும் நிரல் ஃபேனை நிறுத்திவிடும் என்பதால், இதைவிட ஆபத்தான பிழை இந்த வேலையில் இல்லை. துருவ பிட்டை டிரைவர் ஊகித்து மாற்றக் கூடாது. பயாஸ் வைத்ததை மதிக்க வேண்டும், அல்லது டிவைஸ் ட்ரீயில் (பலகையின் வன்பொருளைக் கெர்னலுக்குச் சொல்லும் விவரக் கோப்பு) வெளிப்படையாகச் சொல்லப்பட்டதை எடுக்க வேண்டும்.

முதல் வழி: சிஸ்எஃப்எஸ் கோப்பு, யூசர்ஸ்பேஸ் முடிவு

எல்லோரும் முதலில் எடுக்கும் வழி இது. சிஸ்எஃப்எஸ்ஸில், அதாவது கெர்னல் அமைப்புகளைக் கோப்புகளாகக் காட்டும் இடத்தில், இரண்டு கோப்புகள் போதும்: 0 முதல் 255 வரை டியூட்டி (பல்ஸ் எவ்வளவு நேரம் இயங்கு நிலையில் இருக்கிறது என்ற விகிதம்) ஏற்கும் பிடபிள்யூஎம்1, முறையைத் தேர்ந்தெடுக்கும் பிடபிள்யூஎம்1_எனேபிள். பின்னதில் 0 என்றால் கட்டுப்பாடே இல்லை, ஃபேன் முழு வேகம். 1 என்றால் கையியக்கம். 2-உம் அதற்கு மேலும் சிப்பின் தானியங்கி முறைகள். இந்தப் பொருள் ஹெச்டபிள்யூமான் ஆவணத்தில் வரையறுக்கப்பட்டது. 0 என்பதை "ஃபேன் அணை" என்று எடுத்துக்கொண்டு எழுதினால் அந்தப் பேட்ச் (கெர்னலுக்கு அனுப்பும் திருத்தம்) திரும்பி வரும், அது நியாயமும்கூட.

புதிய பதிவு முறையில், அதாவது தகவல் கட்டமைப்போடு பதிவு செய்யும் முறையில், சேனல் பட்டியலில் இரண்டு கொடிகளைச் சேர்த்து, விசிபிள், ரீட், ரைட் என்ற மூன்று ஃபங்ஷன்களிலும் பிடபிள்யூஎம் வகைக்கான கிளைகளை எழுதினால் கோப்புகளைக் கெர்னலே உருவாக்கிவிடும். கோடு நூறு வரிக்குள் அடங்கும். கவனம் தேவைப்படும் இடங்கள் வேறு.

கையியக்கத்துக்கு மாறும் கணத்தில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். பல சிப்களில் தானியங்கி முறையின் நடப்பு டியூட்டி ஓரிடத்திலும் கையியக்க டியூட்டி வேறிடத்திலும் இருக்கும். மின்சாரம் வந்ததிலிருந்து யாரும் தொடாத கையியக்க ரிஜிஸ்டரில் 0 இருக்கலாம். பயனர் எனேபிளில் 1 எழுதுகிறார்; டியூட்டியை இன்னும் எழுதவில்லை; அந்த இடைவெளியில் ஃபேன் நின்றுவிடுகிறது. சரியான வரிசை இதுதான்: நடப்பு டியூட்டியைப் படியுங்கள், அதைக் கையியக்க ரிஜிஸ்டரில் எழுதுங்கள், பிறகு முறையை மாற்றுங்கள். முறை மாறிய பிறகே எழுத்தை ஏற்கும் சிப் என்றால் இரண்டையும் ஒரே மியூடெக்ஸுக்குள் (வேறு யாரும் இடையில் புகாமல் தடுக்கும் பூட்டு) அடுத்தடுத்து செய்யுங்கள்.

தானியங்கி முறையில் இருக்கும்போது பயனர் டியூட்டியை எழுதினால் என்ன செய்வது? இங்கே கெர்னலிலேயே இரு வழக்கம் உண்டு. ஏடிடி7475 டிரைவர் எழுத்தை வாங்கிக்கொண்டு, பிழை எதுவும் சொல்லாமல் விட்டுவிடும். ஐடி87 டிரைவர், டியூட்டி ரிஜிஸ்டர் அந்த முறையில் எழுத முடியாததாக உள்ள சிப்களில், "பிசி" பிழையைத் திருப்பும். புதிதாக எழுதுபவர் இரண்டாவதைப் பின்பற்றுவதே நல்லது. எழுதியது நடந்துவிட்டது என்று நம்பும் நிரலைவிட, பிழை வாங்கிக் கத்தும் நிரலே பாதுகாப்பு.

எல்லை மீறிய மதிப்புகளுக்கும் ஒரு விதி உண்டு. வெப்ப வரம்பு போலத் தொடர்ச்சியான அளவுகளை எல்லைக்குள் இழுத்து ஏற்கலாம். எனேபிள், டிவைடர் போலத் தனித்தனி மதிப்புகள் மட்டுமே உள்ளவற்றில் தெரியாத எண்ணுக்கு "இன்வேலிட்" பிழை. அதிர்வெண் கோப்பில் பயனர் 25,000 கேட்டு, சிப்பில் 22,500 மட்டும் இருந்தால் நெருங்கியதை எடுத்துக்கொள்ளுங்கள்; திரும்பப் படிக்கும்போது 22,500 என்ற உண்மையைக் காட்டுங்கள்.

டியூட்டி 6 பிட் மட்டுமே உள்ள சிப்பில் வெறுமனே இரண்டு பிட் நகர்த்தினால், 255 எழுதியவர் 252-ஐத் திரும்பப் படிப்பார். 63-ஆல் பெருக்கி 255-ஆல் வகுத்து அருகிலுள்ள முழு எண்ணுக்குக் கொண்டுவந்தால் இரு முனையும் சரியாகப் பொருந்தும். எழுதியதைத் திரும்பப் படித்துச் சரிபார்க்கும் ஸ்கிரிப்ட்கள் உண்டு. எல்எம்-சென்சார்ஸ் தொகுப்பின் ஃபேன்கன்ட்ரோல் அவற்றில் ஒன்று.

ரெஜ்மேப் கேஷ் (ரிஜிஸ்டர் மதிப்புகளின் நகலை நினைவில் வைத்திருக்கும் வசதி) பயன்படுத்துபவர்கள், தானியங்கி முறையில் சிப் தானே மாற்றும் டியூட்டி ரிஜிஸ்டரை "வாலடைல்" (எப்போதும் சிப்பிலிருந்தே படிக்க வேண்டியவை) பட்டியலில் சேர்க்க மறக்கக் கூடாது. மறந்தால் ஃபேன் சத்தம் ஏறி இறங்கும், கோப்பில் எண் மட்டும் அசையாது.

இந்த வழியின் பலம், எந்த வெப்பநிலையையும் எந்த ஃபேனோடும் சேர்க்க முடிவதுதான். என்விஎம்இ டிஸ்க்கின் வெப்பநிலை கெர்னல் 5.5 முதலும், சாட்டா டிஸ்க்குடையது 5.6-இல் வந்த டிரைவ்டெம்ப் வழியாகவும் ஹெச்டபிள்யூமானில் கிடைக்கிறது. பலகையிலுள்ள சிப்புக்கு அந்த டிஸ்க்குகள் இருப்பதே தெரியாது. யூசர்ஸ்பேஸ் நிரலுக்குத் தெரியும்.

பலவீனம், அந்த நிரல் செத்தால் ஃபேன் கடைசியாக எழுதிய வேகத்திலேயே உறைந்துவிடும். ஃபேன்கன்ட்ரோல் ஒழுங்காக நிறுத்தப்பட்டால் பழைய முறையை மீட்டுவிடும். நினைவகம் போதாமல் கெர்னல் அதைக் கொன்றால் மீட்க வாய்ப்பே இல்லை. தவிர, அதன் இயல்பு இடைவெளி 10 நொடி; ஒரு கம்பைல் வேலை தொடங்கினால் பிராசஸர் அதற்குள் சூடேறிவிடும். பூட் ஆகும்போது ஹெச்டபிள்யூமான் எண்கள் மாறி, அமைப்புக் கோப்பிலுள்ள சாதனப் பெயரோடு பொருந்தாவிட்டால் அது தொடங்கவே மறுக்கும். அது நல்ல மறுப்பு. தூக்கத்திலிருந்து எழும்போது சிப் மின்சாரம் இழந்து திரும்பியிருக்கும் என்பதால், முறை, அதிர்வெண், கையியக்க டியூட்டி மூன்றையும் ரிஸ்யூம் ஃபங்ஷனில் மீட்க வேண்டும். இது டிரைவரின் கடமை, ஸ்கிரிப்டின் கடமையல்ல.

இந்த ஆபத்தைத் தணிக்க ஒரு முன்மாதிரி திங்க்பேட் டிரைவரில் இருக்கிறது. அங்கே ஃபேன் கட்டுப்பாடு இயல்பாக அணைக்கப்பட்டிருக்கும். மாட்யூல் அளவுருவால் வேண்டுமென்றே திறக்க வேண்டும். திறந்த பிறகும் 120 நொடி வரை வைக்கக்கூடிய ஒரு காவல் கடிகாரம் உண்டு. அந்த நேரத்துக்குள் புதிய கட்டளை வராவிட்டால் டிரைவர் ஃபேனை மறுபடி இயக்கிவிடும். சில சிப்களில் இதுவே வன்பொருளில் இருக்கிறது: மேக்ஸ்31790-இல் ஐ2சி (சிப்களை இணைக்கும் தொடர்பு வழி) பேச்சு 5, 10 அல்லது 30 நொடி நின்றால் விழித்துக்கொள்ளும் கடிகாரம் உண்டு. உங்கள் சிப்பில் அப்படி ஒன்று இருந்தால் முதல் வழியின் மதிப்பு பல மடங்கு உயரும்.

இரண்டாம் வழி: சிப்பின் தானியங்கி வளைவு

பெரும்பாலான சிப்களுக்குள் வெப்பநிலை–டியூட்டி வளைவு ஒன்று சுற்றாகவே இருக்கிறது. கெர்னல் உறைந்தாலும், பூட் ஆகாமல் நின்றாலும் அது ஓடும். நம்பகத்தன்மை என்ற ஒரே அளவுகோலில் இதை வெல்ல வேறு வழி இல்லை. ஆனால் டிரைவர் எழுத மிகக் கடினமானதும் இதுதான்.

முதல் காரணம், சிப்புக்குச் சிப் வடிவம் மாறும். நுவோட்டன் சிப்களுக்கான என்சிடி6775 டிரைவரில் எனேபிள் 2 என்றால் தெர்மல் குரூஸ், 3 ஃபேன் ஸ்பீட் குரூஸ், 4 ஒரு குறிப்பிட்ட சிப்பில் மட்டும் உள்ள ஸ்மார்ட் ஃபேன் 3, 5 ஸ்மார்ட் ஃபேன் 4. ஏடிடி7475-இல் தானியங்கி என்பதற்கு 2 மட்டுமே. எண்ணுக்கு ஒரு பொருளைக் கொடுத்து வெளியிட்டுவிட்டால் பிறகு மாற்ற முடியாது. அதை நம்பி எழுதிய அமைப்புக் கோப்புகள் உடைந்துவிடும்.

இரண்டாவது காரணம், வளைவின் புள்ளிகளைக் குறிக்கும் பிடபிள்யூஎம்1_ஆட்டோ_பாயிண்ட்1_டெம்ப் போன்ற கோப்புகளுக்குப் பெயர் ஆவணத்தில் உண்டு, ஆனால் புதிய பதிவு முறையின் கொடிப் பட்டியலில் அவை இல்லை. கூடுதல் ஆட்ரிபியூட் குழுவாக நீங்களே எழுத வேண்டும். ஒரு ஃபேனுக்கு ஐந்து புள்ளி, ஒவ்வொன்றுக்கும் வெப்பநிலை, டியூட்டி என இரண்டு கோப்பு, மூன்று ஃபேன் என்றால் முப்பது கோப்புகள்.

மூன்றாவதுதான் நுட்பமானது. வளைவு ஏறுமுகமாக இருக்க வேண்டும். இரண்டாம் புள்ளி முதல் புள்ளிக்குக் கீழே போகக் கூடாது. ஒவ்வொரு எழுத்தின்போதும் இதைச் சோதித்தால் பயனரால் வளைவை நகர்த்தவே முடியாது. 40, 50, 60 டிகிரி என்பதை 65, 70, 75 ஆக்க விரும்புபவர் முதல் புள்ளியை 65 ஆக்கும்போதே மறுப்பு வரும். ஐடி87 டிரைவர் எடுத்த வழி நல்ல வழி: எழுதும்போது தடுக்காதே, தானியங்கி முறைக்கு மாறும்போது மொத்த வளைவையும் சோதி, முரண் இருந்தால் மாற மறுத்து லாகில் சொல். பயனருக்கு ஆவணத்தில் எழுத வேண்டியது: முதலில் கையியக்கத்துக்கு மாறி டியூட்டியை 255-இல் வை, புள்ளிகளைத் திருத்து, பிறகு 2-க்குத் திரும்பு.

எந்த வெப்பநிலைச் சேனல் எந்த ஃபேனை நடத்துகிறது என்பதைச் சொல்லும் பிட் தொகுதிக் கோப்பில் முதல் சென்சார் 1, இரண்டாவது 2, மூன்றாவது 4. இணைக்கப்படாத வெளி டயோடை (வெப்பநிலை அளக்கும் உறுப்பு) பயனர் தேர்ந்தெடுத்தால் சிப் அதை உறைபனிக் குளிராகக் காணலாம்; ஃபேன் கடைசிவரை குறைந்தபட்ச வேகத்திலேயே கிடக்கும். பழுது பிட்டைப் படித்து அத்தகைய சேனலை மறுப்பது நான்கைந்து வரி வேலை. விட்டுவிடாதீர்கள்.

வளைவை டியூட்டிக்குப் பதிலாக ஆர்பிஎம்மில் நடத்தும் சிப்களும் உண்டு. அவற்றுக்கு ஃபேன்1_டார்கெட் கோப்பு. பழைய ஃபேன் தேய்ந்து மெதுவானாலும் சிப் டியூட்டியைக் கூட்டி அதே சுற்றில் வைக்கும் என்பது பெரிய நன்மை. ஆனால் சுற்றுக்கு எத்தனை பல்ஸ் என்பது தவறானால் குளிர்ச்சி பாதியாகும். நான்கு பல்ஸ் தரும் ஃபேனை இரண்டு என்று நினைக்கும் சிப், இலக்கு 2,000 என்றால் 1,000-இல் நிறுத்திவிட்டுச் சரியாக ஓடுகிறது என்று அறிவிக்கும். டேக்கோ காட்டும் எண்ணும் 2,000 என்பதால் மென்பொருளால் இதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை.

ஒரு விதி மட்டும் எந்தச் சூழலிலும் மாறாது: புரோப் ஃபங்ஷனில் (டிரைவர் சிப்போடு இணையும்போது ஓடுவது) வளைவைத் தொடாதீர்கள். மேசைக் கணினியில் பயாஸ் அந்த ஹீட்சிங்க்குக்கும் கேபினட்டுக்கும் ஏற்ற வளைவை ஏற்கெனவே எழுதியிருக்கும். டிரைவர் ஏற்றப்பட்டதும் "சுத்தமான தொடக்கம்" என்று சிப்பை ரீசெட் செய்வது, ஓடிக்கொண்டிருக்கும் பாதுகாப்பைக் கழற்றி எறிவதற்குச் சமம்.

மூன்றாம் வழி: தெர்மல் பிரிவில் கூலிங் டிவைஸ்

ஆர்ம் பலகைகளில் இதுவே இயல்பான வழி. டிரைவர் மூன்று ஃபங்ஷன் தருகிறது: அதிகபட்ச நிலை எது, இப்போதைய நிலை எது, இந்த நிலைக்குப் போ. எந்த வெப்பநிலையில் எந்த நிலை என்பதை டிவைஸ் ட்ரீயின் கூலிங் மேப் சொல்கிறது. ராஸ்பெர்ரி பை 5 இதற்குத் தெளிவான மாதிரி: கூலிங் நிலைகள் 0, 75, 125, 175, 250, அவை ஏறும் வெப்பநிலைகள் 50, 60, 67.5, 75 டிகிரி செல்சியஸ். இறங்கும்போது 5 டிகிரி இடைவெளி. அந்த இடைவெளி இல்லாவிட்டால் 50 டிகிரி எல்லையில் ஃபேன் நிமிடத்துக்குப் பலமுறை நின்று நின்று ஓடும்.

யூசர்ஸ்பேஸ் நிரல் சாவதால் இங்கே பாதிப்பில்லை. கெர்னலே உறைந்தால் பாதிப்புண்டு. இன்னொரு பொறியும் உண்டு: எஸ்ஓசி (பலகையின் முதன்மைச் சிப்) வாட்ச்டாக்கால் (உறைந்தால் மறுதொடக்கம் செய்யும் காவல் கடிகாரம்) ரீசெட் ஆகும்போது ஐ2சி பாதையில் வெளியே இருக்கும் ஃபேன் சிப் ரீசெட் ஆவதில்லை. உறைந்த கெர்னல் கடைசியாக எழுதிய டியூட்டியோடுதான் அடுத்த பூட் முழுவதும் ஓடும். பூட்லோடரில் ஒரு வரியாக முழு வேகம் எழுதிவைப்பது நல்லது.

முதல் வழியையும் இதையும் சேர்த்துக் கொடுக்கும்போதுதான் சிக்கல் பெரிதாகும். ஒரே டியூட்டி ரிஜிஸ்டருக்கு இரண்டு எசமானர்கள். பயனர் எழுதியதைத் தெர்மல் கவர்னர் (கூலிங் நிலையைத் தேர்ந்தெடுக்கும் கெர்னல் பகுதி) உடனே மேலெழுதிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி நடப்பதில்லை. தேவையான நிலை மாறினால்தான் கவர்னர் டிரைவரை அழைக்கும். நிலை 3-இல் இருக்கும்போது பயனர் டியூட்டியை 40-க்கு இறக்கினால், வெப்பம் அடுத்த படியைத் தாண்டும்வரை 40-ஆகவே இருக்கும். தெர்மல் பிரிவோ நிலை 3 நடப்பதாகவே நம்பும். இதற்கு இஎம்சி2305 டிரைவரின் தீர்வு எனக்குச் சரியாகப் படுகிறது: பயனர் கேட்டது ஒரு மாறியில், தெர்மல் கேட்டது இன்னொரு மாறியில், ரிஜிஸ்டருக்குப் போவது இரண்டில் பெரியது. பயனர் ஃபேனை வேகமாக்கலாம்; தெர்மல் கேட்டதற்குக் கீழே இறக்க முடியாது.

டிவைஸ் ட்ரீயில் போலிங் இடைவெளி (வெப்பநிலையைத் திரும்பத் திரும்பப் படிக்கும் இடைவெளி) 0 என்று விட்டு, சென்சாருக்கு இன்டரப்டும் இல்லாவிட்டால் அந்த வெப்ப மண்டலம் புதுப்பிக்கப்படுவதே இல்லை. எல்லாம் சரியாகப் பதிவாகி, ஃபேன் மட்டும் நகராத புகார்களில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. கவர்னர் தேர்வைப் பொறுத்தவரை, பல நிலை உள்ள ஃபேனுக்கு ஸ்டெப்-வைஸ், ஓடு–நில் என இரு நிலை மட்டும் உள்ளதற்கு பேங்-பேங்.

நான்காம் வழி, மேலும் தவிர்க்க வேண்டிய ஒன்று

சிப்பைப் பொதுவான பிடபிள்யூஎம் வழங்கியாகப் பதிவு செய்துவிட்டு, ஃபேனைக் கெர்னலிலுள்ள பிடபிள்யூஎம்-ஃபேன் டிரைவரிடம் ஒப்படைக்கலாம். டிவைஸ் ட்ரீயில் பீரியட் 40,000 நானோநொடி என்று எழுதினால் 25 கிலோஹெர்ட்ஸ் கிடைக்கும். கூலிங் நிலைகளும் இலவசமாக வந்துவிடும். எல்இடி மங்கலாக்கவும் பயன்படும் பொது சிப்புக்கு இது நேர்த்தியான வழி. டேக்கோ எண்ணியும் பிடபிள்யூஎம்மும் ஒரே சிப்பில் இருந்தால் வேண்டாம். பிடபிள்யூஎம்-ஃபேன் டேக்கோவை இன்டரப்டாக எதிர்பார்க்கிறது, உங்கள் சிப்போ அதை ரிஜிஸ்டரில் எண்ணி வைத்திருக்கிறது. முடிவில் சுற்று எண் ஒரு ஹெச்டபிள்யூமான் சாதனத்திலும் டியூட்டி இன்னொன்றிலும் பிரிந்து கிடக்கும்.

டிரைவரே வேண்டாம், ஐ2சி-டெவ் (யூசர்ஸ்பேஸிலிருந்து ஐ2சி-யை நேரடியாகத் தொடும் வசதி) வழியாக ஸ்கிரிப்டில் எழுதிவிடலாம் என்பவர்களும் உண்டு. சிப்பை டிரைவர் பிடித்திருக்கும்போது வலுக்கட்டாயக் கொடியோடு எழுதினால், டிரைவர் ஒரு ரிஜிஸ்டர் பேங்க்கைத் தேர்ந்தெடுத்துப் படிக்குமுன் ஸ்கிரிப்ட் பேங்க்கை மாற்றிவிடும். டியூட்டிக்குப் போக வேண்டிய எண் வெப்ப வரம்பில் போய் விழும். சூப்பர் ஐஓ சிப்களில் (மேசைக் கணினிப் பலகையில் பல சிறு வேலைகளைப் பார்ப்பவை) இதே போட்டி ஏசிபிஐ ஃபர்ம்வேரோடு (பலகையோடு வரும் மென்பொருள்) நடக்கிறது. அதனால்தான் கெர்னல் அந்தப் போர்ட்களை டிரைவருக்குத் தர மறுக்கிறது. கெர்னல் அளவுரு ஒன்றை "லாக்ஸ்" (தளர்வு) என்று வைத்து அந்த மறுப்பைத் தள்ளிவைக்கலாம், ஆனால் போட்டி அப்படியே இருக்கும். மேசையில் வைத்துச் சிப்பை ஆராய இந்த வழி உதவும். பயன்பாட்டில் இருக்கும் இயந்திரத்துக்கு ஆகாது.

எதை எடுப்பது

மேசைக் கணினிச் சூப்பர் ஐஓ சிப் என்றால் முதல் வழியும் இரண்டாம் வழியும். தெர்மல் பதிவு அங்கே பிணைக்க ஆளில்லாமல் கிடக்கும். ஆனால் முதல் பேட்சில் வளைவுக் கோப்புகளைச் சேர்க்காதீர்கள். எனேபிளில் 0, 1, 2 மூன்றையும் ஆதரித்து, 2 என்றால் பயாஸ் எழுதிய வளைவுக்கே திரும்புவது என்று வைத்தால் பயனருக்குக் கட்டுப்பாடும் கிடைக்கும், திரும்பிப்போகப் பாதுகாப்பான இடமும் இருக்கும். வளைவைத் திருத்தும் கோப்புகள் இரண்டாவது பேட்ச். அதைக் கேட்பவர்கள் வந்த பிறகு எழுதினாலும் குடி முழுகிவிடாது.

டிவைஸ் ட்ரீ பலகையில் வெப்பம் எஸ்ஓசியிலிருந்து வருகிறது, ஃபேன் சிப்பின் சென்சார் பலகையின் மூலையில் இருக்கிறது. அந்த மூலையின் வெப்பத்தை வைத்து வளைவை நடத்துவதில் அர்த்தமில்லை. மூன்றாம் வழி, "பெரியது வெல்லும்" விதியோடு. சிப்பின் வெளி டயோடு எஸ்ஓசிக்குள் இருக்கும் டயோடோடு இணைக்கப்பட்டிருந்தால் கணக்கு மாறும். அப்போது இரண்டாம் வழியே முதல் தேர்வு.

சர்வரின் பிஎம்சியில் (சர்வரைத் தனியாகக் கண்காணிக்கும் துணைக் கணினி) நிலைமை வேறு. ஓபன்பிஎம்சியின் ஃபாஸ்ஃபர்-பிஐடி-கன்ட்ரோல் போன்ற நிரல் பல சென்சார்களைச் சேர்த்துத் தானே முடிவெடுக்கிறது. அதற்குத் தேவை துல்லியமான முதல் வழி, முடிந்தால் ஃபேன்1_டார்கெட், கட்டாயம் வன்பொருள் காவல் கடிகாரம். கடிகாரம் இல்லாத சிப்பை அந்த இடத்தில் நான் ஏற்கமாட்டேன்.

எந்த வழியானாலும் அனுப்புமுன் சில சோதனைகளைச் செய்தாக வேண்டும். டியூட்டியை 60-இல் வைத்துவிட்டு மாட்யூலை இறக்குங்கள்: ஃபேன் தானியங்கிக்கோ முழு வேகத்துக்கோ திரும்ப வேண்டும். டிரைவர் விலகும்போது தானே ஓடும் நடவடிக்கை ஒன்றைப் பதிவு செய்தால் போதும். கையியக்கத்தில் தூங்கவைத்து எழுப்புங்கள். டியூட்டியை 255-இலிருந்து பத்துப் பத்தாகக் குறைத்து ஃபேன் நிற்கும் புள்ளியையும், 0-இலிருந்து கூட்டி மறுபடி கிளம்பும் புள்ளியையும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது பொதுவாகப் பெரிது. ஃபேன்கன்ட்ரோலின் மின்ஸ்டார்ட், மின்ஸ்டாப் என்ற இரண்டு அமைப்புகள் இருப்பது அதனால்தான். தெர்மல் இல்லாத கட்டமைப்பிலும் கம்பைல் ஆகிறதா என்று பாருங்கள். பதிவு வரிசை: சிப்பை முழுமையாகத் தயார் செய்வது, பிறகு கூலிங் டிவைஸ், கடைசியில் ஹெச்டபிள்யூமான். கோப்பு தோன்றிய அடுத்த கணமே யாராவது எழுதக்கூடும்.

டிவைஸ் ட்ரீ பைண்டிங் (அந்தக் கோப்பில் என்னென்ன எழுதலாம் என்ற வரையறை) தனிப் பேட்ச். டிரைவரின் ஆவணக் கோப்பில் எனேபிளின் ஒவ்வொரு எண்ணுக்கும் இந்தச் சிப்பில் என்ன பொருள், தானியங்கி முறையில் டியூட்டிக் கோப்பு எழுதப்படுமா, மாட்யூல் இறங்கினால் ஃபேன் எந்த நிலைக்குப் போகும் ஆகிய மூன்றையும் கோடு போகும் அதே பேட்சில் எழுதி அனுப்புங்கள்.